கஞ்சி காய்ச்ச ஆள் இருக்கிறது, முழங்கால் போட ஆள் இல்லை

#1 ஆனையூர் அக்கா

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் இங்கே படித்துவிட்டுப் போகிற ஆள்தான், எழுதுவது குறைவு. இப்போது மனசு பொறுக்காமல் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

எங்களுடையது சின்ன ஜெப ஐக்கியம். 14 வீடு. கோயில் கட்டடமெல்லாம் கிடையாது, ஒரு வீட்டு மொட்டைமாடியில் தகரம் போட்ட கொட்டகை, பாய், இரண்டு ஃபேன், ஒரு டோலக். எட்டு வீடு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), மூன்று வீடு பெந்தெகொஸ்தே, ஒரு வீடு லுத்தரன், இரண்டு வீடு ஆர்.சி. ஞாயிறு காலை அவரவர் கோயிலுக்குப் போய்விடுவோம். புதன் ராத்திரி வேதபாடம், சனிக்கிழமை காலை 10 முதல் 1 வரை உபவாச ஜெபம். பதினோரு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

போன வருஷம் எங்களில் ஒரு தம்பி ரிங் ரோட்டில் வண்டியோடு விழுந்து மதுரைப் பெரியாஸ்பத்திரியில் 19 நாள் கிடந்தார். நாங்கள் முறை போட்டுத் துணைக்கு இருந்தோம். அப்போதுதான் கண்ணில் பட்டது, ராமநாதபுரம், சிவகங்கை, தேனி, விருதுநகர் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள், நோயாளிக்குப் பாலும் ரொட்டியும் சாப்பாடும் உள்ளேயே கிடைத்துவிடுகிறது, கூட வந்தவர் பாடுதான் திண்டாட்டம். துண்டை விரித்துப் படுத்திருப்பார், கையில் இருக்கிற காசை ஊர் திரும்புகிற பஸ்ஸுக்கு என்று முடிந்து வைத்திருப்பார், அதைத் தொடமாட்டார்.

தம்பி வீடு திரும்பியதும் நன்றி ஜெபம் வைத்தோம். அன்றைக்கே முடிவு செய்து, சனிக்கிழமை சாயங்காலம் கஞ்சியும் பருப்புத் துவையலும் கொண்டுபோக ஆரம்பித்தோம். 30 பேரில் தொடங்கி இப்போது 80 பேர் வருகிறார்கள்.

தகராறு இங்கேதான். 6 மணிக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் மதியமே அடுப்பு மூட்ட வேண்டும். 11 மணி ஆனதும் நாங்கள் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து கீழே போய்விடுகிறோம். ஒரு சனிக்கிழமை ஜெபம் முடியும்போது மாடியில் 5 பேர். அடுத்த புதன்கிழமை எங்கள் பெரியவர், வீடு அவருடையதுதான், ஐக்கியத்தை ஆரம்பித்தவரும் அவர்தான், எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "கஞ்சி காய்ச்ச ஆள் இருக்கு, முழங்கால் போட ஆள் இல்லை." ஒரு அக்கா, "அப்ப நாங்க அடுப்புல வெந்தது ஊழியம் இல்லையா ஐயா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவர்தான், இரண்டு வாரமாக வரவில்லை.

இரண்டு பக்கமும் எனக்குப் புரிகிறது. அதுதான் கஷ்டம். உங்கள் ஐக்கியங்களில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

#2 ஒத்தக்கடை தம்பி

ஜெபத்தைக் காலை 6 மணிக்கு மாற்றுங்கள் அக்கா. முடிந்தது கதை.

#3 ஆனையூர் அக்கா

தம்பி, காலை 8 மணிக்கு முடித்துவிட்டு இட்லி சாப்பிடப் போனால் அதற்குப் பேர் உபவாச ஜெபமா? சும்மா சொன்னேன். நேரத்தை மாற்றலாம், பெரியவர் சொன்ன வார்த்தையை எங்கே மாற்றி வைப்பது?

#4 பசுமலை ஓய்வு

பெரியவர் எல்லார் முன்னாலும் சொன்னது தப்பு. ஆனால் சொன்ன விஷயத்தில் நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிடாதீர்கள். எனக்கு வயது 71, இப்படி மூன்று குழுக்களைப் பார்த்துவிட்டேன். முதலில் ஜெபம். அப்புறம் ஜெபத்தோடு உதவி. அப்புறம் உதவி மட்டும். அப்புறம் உதவிக்கு ஒரு கமிட்டி, கமிட்டிக்கு ஒரு தலைவர், தலைவர் நாற்காலிக்குச் சண்டை, கடைசியில் பீரோச் சாவியும் ரசீதுப் புத்தகமும் யார் வீட்டில் இருக்கிறது என்று பஞ்சாயத்து. ஜெபத்தில்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து மன்னிக்க வேண்டிவரும். அடுப்படியில் அது வேண்டியதில்லை, வேலை இருந்துகொண்டே இருக்கும், கோபத்தை வைத்துக்கொண்டே வெங்காயம் நறுக்கலாம்.

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். பந்தி விசாரணைக்கு ஏழு பேரைத் தனியாக நியமித்துவிட்டு, அப்போஸ்தலர்கள் ஜெபத்திலும் வசனத்திலும் நின்றார்கள். வேலையைப் பிரித்தார்கள். நீங்களும் பிரியுங்கள்.

#5 கீழவாசல்

ஐயா, அதே அதிகாரத்தை வைத்துத்தான் நான் மறுக்கப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிரச்சினை எங்கே ஆரம்பித்தது? தினசரிப் பந்தியில் கிரேக்க மொழி பேசுகிற விதவைகளை விட்டுவிட்டார்கள் என்ற முறுமுறுப்பில். சாப்பாடு போடுவதில் ஓரவஞ்சனை வந்தால் ஐக்கியமே உடைந்துவிடும் என்று அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஏழு பேரையும் சும்மா "நீ போய்ப் பரிமாறு" என்று அனுப்பவில்லை, நற்சாட்சி பெற்றவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, ஜெபம் பண்ணி, தலையில் கை வைத்தார்கள். அதில் முதல் பேர் ஸ்தேவான். கல்லெறிந்தவர்களுக்காக ஜெபம் பண்ணிக்கொண்டே செத்தது யார்? பந்தி விசாரிக்கப் போட்ட ஆள்தான்.

அக்கா, ஒரு கேள்வி. கஞ்சி கிளம்புகிறபோது உங்கள் பெரியவர் அடுப்படி ஆட்களுக்காக ஒரு தடவையாவது ஜெபம் பண்ணி அனுப்பினாரா?

#6 ஆனையூர் அக்கா

இல்லை. ஒரு தடவைகூட இல்லை. நாங்களும் கேட்கவில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் யோசிக்கிறேன்.

ஆனால் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 19 நாளில் அதிக ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்தது அவர்தான், முழங்கால் வலியோடு. கஞ்சி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மாடியில் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்ற வருத்தம்தான் அப்படி வாயில் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

#7 பைபாஸ் ரோடு

அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். அரசாங்கம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் எதற்குப் போய்க் கஞ்சி காய்ச்சி, அதற்காகச் சண்டை வேறு போட்டுக்கொண்டு?

#8 மேலூர்ப் பொண்ணு

மேலே கேட்டவருக்கு நான் பதில் சொல்கிறேன். நான் கிறிஸ்தவள் இல்லை, எங்களுக்கு அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு. இந்த இழையைத் தோழி அனுப்பினாள்.

அப்பாவுக்குக் கால் எடுக்க வேண்டிவந்து 23 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பெரும்பாலும் நான் மட்டும்தான் துணை. சாப்பாடு கிடைக்கும், 10 ரூபாய் இருந்தால் வயிறு நிறையும், நீங்கள் சொல்வது சரி. அதை வாங்கிவரப் போகிற நேரத்துக்கு அப்பா பக்கத்தில் யார் இருப்பது? டிரிப் முடிகிற நேரம், டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிற நேரம், ஸ்கேனுக்குக் கூப்பிடுகிற நேரம் எது என்று தெரியாது. பசியைக்கூடத் தாங்கலாம். குளிக்கப் போக, ஒண்ணுக்குப் போக, அரை மணி நேரம் ஆள் கிடைக்காதா என்று ஏங்கியிருக்கிறேன். வயசுப் பொண்ணுக்கு அது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று பெண்களுக்குத்தான் தெரியும்.

ஐந்தாம் நாள் இரண்டு அம்மாக்கள் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவந்தார்கள். எந்தச் சபை என்று இன்றுவரை தெரியாது. அவர்களில் ஒருவர், "அப்பாவுக்காக ஒரு ஜெபம் பண்ணட்டுமாம்மா?" என்று கேட்டார். நான், "வேண்டாங்க, நாங்க எங்க சாமிக்கு நேர்ந்திருக்கோம்" என்றேன். பயந்துகொண்டுதான் சொன்னேன், இனி வெந்நீர் வராது என்று நினைத்தேன். அவர், "சரிம்மா, நீ போய்க் குளிச்சிட்டு வா, நான் இங்க உட்கார்ந்திருக்கேன்" என்றார். திரும்பி வந்தபோது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் வெந்நீர் வந்தது.

இன்னொரு கூட்டமும் வந்தது, பேர் வேண்டாம். பன்ரொட்டியோடு ஒரு துண்டுத்தாள், அப்புறம் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து போட்டோ. எங்கள் பெரியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ரொட்டி நல்ல ரொட்டிதான்.

#9 திருமங்கலம் பிரதர்

சகோதரி எழுதினதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத ஓடவில்லை.

சரி, நான் அடுப்படிக் கட்சி, எனக்குத் தெரிந்த கணக்கைச் சொல்கிறேன். எங்கள் ஆச்சி காலத்தில் பிடியரிசி என்று ஒன்று உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு, வாரக் கடைசியில் கோயிலுக்குக் கொடுப்பார்கள். போடுகிறபோது ஒரு சின்ன ஜெபமும் சொல்வார்கள். இதை நாங்கள் திரும்பத் தொடங்கினோம். ஒரு பிடி சுமார் 45 கிராம். உங்கள் 14 வீடும் தினம் ஒரு பிடி போட்டால் வாரத்துக்கு நாலரைக் கிலோ சேரும், கஞ்சி என்பதால் 80 பேருக்கு அது தாராளம். அரிசிக்குக் காசு வசூல் பண்ணவே வேண்டாம். அதைவிடப் பெரிய விஷயம், அடுப்பு மூட்ட வர முடியாத வீட்டுக்கும் இதில் பங்கு உண்டு. உங்கள் பெரியவர் வீட்டுப் பானை உட்பட.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் தப்புதான். ஒரு சித்திரை மாதம், காய்ச்சின கஞ்சியை ஆறவிடாமல் அப்படியே பெரிய பிளாஸ்டிக் கேனில் ஊற்றி இறுக்கி மூடி, மூன்று மணி நேரம் வேனில் வைத்துவிட்டோம். திறந்தால் புளித்த வாடை. அன்றைக்கு அவ்வளவையும் கீழே ஊற்றிவிட்டு, வரிசையில் நின்றவர்களிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தோம். அதிலிருந்து ஒரே விதி, எவர்சில்வர் தூக்குவாளி, சுடச்சுட, அடுப்பிலிருந்து இறக்கி ஒன்றரை மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும். தேங்காய்த் துவையல் கூடவே கூடாது.

#10 வைகைத் தென்கரை

போட்டோ பற்றி: எங்கள் ஐக்கியத்திலும் இந்தச் சண்டை வந்தது. "வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் பார்த்தால் காசு அனுப்புவார்கள்" என்று வாதம். கடைசியில் பாத்திரத்தை மட்டும் படம் எடுக்கலாம், ஆளை எடுக்கக்கூடாது என்று முடிவானது. அதற்குப் பிறகு யாரும் படமே எடுக்கவில்லை, பாத்திரத்தை யார் லைக் போடுவார்கள்?

#11 சாட்சி

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். நான் கேட்பதைத் தப்பாக எடுக்க வேண்டாம். வசனமும் சொல்லாமல், துண்டுப்பிரதியும் கொடுக்காமல், வாய்விட்டு ஜெபமும் பண்ணாமல் கஞ்சி மட்டும் ஊற்றினால், அதை எந்த ரசிகர் மன்றமும் செய்யுமே? இதில் ஊழியம் எங்கே இருக்கிறது? நாம் எதற்காக வெட்கப்பட வேண்டும்?

#12 கூடல்நகர்

பிரதர், வெட்கம் ஒன்றும் இல்லை. தெருவில் நடந்துபோகிறவர் துண்டுத்தாள் பிடிக்காவிட்டால் வாங்காமல் போய்விடுவார். படுக்கையில் கிடக்கிறவர் எங்கே எழுந்து போவார்? கையில் நம் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு "உங்கள் ஜெபம் வேண்டாம்" என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? மேலூர்ச் சகோதரிக்கு வந்தது, அதையும் பயந்துகொண்டே சொன்னதாகத்தான் எழுதியிருக்கிறார். அந்தப் பயத்தை வைத்து நாம் ஜெபம் பண்ணினால் அது நல்லாவா இருக்கும்?

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு ஊர் முழுக்க நீர்மோர்ப் பந்தல். யார் போட்ட பந்தல் என்று பார்த்தா குடிக்கிறோம்? நானே நாலு பந்தலில் குடித்திருக்கிறேன், எவரும் என்னிடம் எந்தச் சாமி என்று கேட்டதில்லை. இந்த ஊரில் தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு மரியாதை இருக்கிறது. நாம் அந்த மரியாதைக்குக் குறைந்தா போகிறோம்? கேட்டால் சொல்லுங்கள், சந்தோஷமாகச் சொல்லுங்கள். மற்றபடி யாக்கோபு நிருபத்தில் உடுக்கத் துணியும் சாப்பாடும் இல்லாதவனிடம் "சமாதானமாய்ப் போ, குளிர்காய்ந்து பசியாறு" என்று வாயால் சொல்லி அனுப்புகிற ஆளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

#13 சாட்சி

கேட்டால் சொல்லுங்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாராவது கேட்கிறபோது சொல்லத் தெரிந்த ஆள் அங்கே இருக்க வேண்டும். அதற்குத்தான் ஜெபமும் வேதபாடமும். நான் பெரியவர் கட்சி என்பதை மாற்றிக்கொள்ளவில்லை.

#14 தாலுகா ஆபீஸ் ரிட்டயர்டு

நான் சேவைக்கும் புதுசு, ஜெபத்துக்கும் புதுசு. 34 வருஷம் விண்ணப்பம் வாங்கிப் போட்ட ஆள். ஓய்வுபெற்ற பிறகு மனைவி கட்டாயப்படுத்தி ஐக்கியத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே போனால், "விண்ணப்பங்கள் இருந்தால் சொல்லுங்கள்" என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இங்கேயுமா என்று.

ஒருநாள் ஒரு அம்மா விண்ணப்பம் சொன்னார், மருமகனுக்கு ஆபரேஷன், இரண்டு லட்சம் கேட்கிறார்கள், கர்த்தர் வழி திறக்க வேண்டும் என்று. எல்லாரும் கண்ணை மூடினார்கள். எனக்கு ஜெபம் ஓடவில்லை, வருமானச் சான்று இருக்கிறதா என்றுதான் ஓடியது. முடிந்ததும் கேட்டேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்கவே இல்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் இருந்தால் போதும், விஏஓவிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், கலெக்டர் ஆபீசில் இருக்கிற மையத்தில் அட்டை. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை, பட்டியலில் இருக்கிற சிகிச்சைக்கு. நானே கூட்டிக்கொண்டு அலைந்தேன், ஆபரேஷன் நடந்துவிட்டது. அடுத்த புதன்கிழமை அந்தம்மா சாட்சி சொன்னார், கர்த்தர் வழி திறந்தார் என்று. என் பேரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அக்கா, உங்கள் சனிக்கிழமைக் கஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலும் பேனாவும் வைத்து ஒரு ஆளை உட்காரவையுங்கள். ஆஸ்பத்திரிக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நடக்கிற தூரம்தான், ஆனால் எந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போவது என்று தெரியாமல் வெளியூர்க்காரர்கள் மூன்று தடவை அலைகிறார்கள்.

#15 பழைய பஞ்சாங்கம்

வேலையும் ஜெபமும் இரண்டு துறையாகப் பிரிந்தது பிற்காலத்தில்தான் என்று நினைக்கிறேன். வட ஆற்காட்டுத் திருப்பத்தூரில் 1921-இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய சவரிராயன் ஜேசுதாசன், ஃபாரெஸ்டர் பேட்டன் இரண்டு பேருமே டாக்டர்கள். ஜெபிக்கிற ஆசிரமமும் அதுதான், ஊர்க்காரர்களுக்கு மருந்து கிடைத்த இடமும் அதுதான். நமக்குப் பக்கத்திலேயே ஒட்டன்சத்திரத்தில், அது இன்னும் மதுரை மாவட்டமாக இருந்த காலத்தில், 1955-இல் டாக்டர் ஏ. கே. தரியனும் நண்பர்களும் தொடங்கிய ஆஸ்பத்திரிக்குப் பேரே கிறிஸ்டியன் ஃபெலோஷிப் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்கு ஐக்கியம் என்று பேர் வைத்திருக்கிறார்கள், அதைக் கவனியுங்கள்.

#16 பசுமலை ஓய்வு

நல்ல உதாரணம். ஆனால் அவர்கள் டாக்டர்கள், வேலையே அதுதான். நம் ஆட்கள் ஆறு நாள் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் உழைத்துவிட்டு வருகிறவர்கள். உடம்பு என்று ஒன்று இருக்கிறது. சோர்ந்துபோன ஐக்கியத்தில் முதலில் நின்றுபோவது ஜெபம்தான், ஏனென்றால் ஜெபம் நின்றால் பசியோடு யாரும் வந்து வாசலில் கேட்கமாட்டார்கள்.

#17 கீழவாசல்

ஐயா, இந்தக் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை.

#18 வைகைத் தென்கரை

காசு விஷயம் ஒன்று, யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன். 80 பேர் 150 ஆகும்போது, கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ யாராவது அனுப்புகிறேன் என்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற உங்கள் மகனோ தம்பியோ தன் சம்பளத்திலிருந்து அனுப்பினால் பிரச்சினை இல்லை. அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் ஐக்கியத்துக்கு என்று அனுப்பினால், அது எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வெளிநாட்டுப் பணம், பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக்கூடாது. பதிவு இருந்தாலும் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லி ஸ்டேட் பாங்க் மெயின் கிளையில் கணக்கு வைத்துத்தான் வாங்க முடியும். மொட்டைமாடி ஐக்கியத்துக்கு இதெல்லாம் எதற்கு? பிடியரிசியோடு நில்லுங்கள்.

#19 ஒத்தக்கடை தம்பி

அக்கா என்ன ஆச்சு? ஒரு மாதம் ஆகிவிட்டது, சத்தமே இல்லை.

#20 ஆனையூர் அக்கா

மன்னிக்க வேண்டும், மாமியாருக்கு உடம்பு சரியில்லை. நடந்ததைச் சொல்கிறேன், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

முதலில் கீழவாசல் அண்ணன் கேட்ட கேள்வியைப் பெரியவரிடம் அப்படியே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அந்தச் சனிக்கிழமை 11 மணிக்கு நாங்கள் எழுந்தபோது, "இருங்கம்மா" என்று சொல்லி, முழங்கால் வலியோடு மாடிப்படி இறங்கி அடுப்படிக்கு வந்துவிட்டார். மாடியில் இருந்த மற்ற நாலு பேரும் பின்னாலேயே வந்தார்கள். அன்றைக்கு மீதி இரண்டு மணி நேர ஜெபமும் அடுப்பைச் சுற்றித்தான். ஒருவர் துவையல் அரைக்க, ஒருவர் சங்கீதம் வாசிக்க. மிக்ஸி சத்தத்தில் பாதி கேட்கவில்லை. எழுந்து போன அக்காவை அதற்கு முந்தின நாளே பெரியவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், என்ன பேசினார்கள் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

அப்புறம் மேலூர்த் தங்கை எழுதினதை வாசித்துக் காட்டினேன். அதனால் 80 பேருக்குக் கஞ்சி என்பதை 50 ஆகக் குறைத்துவிட்டோம். சமையலுக்கு 4 பேர் போதும். மிச்சம் 6 பேர் வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு போய், "நீங்க குளிச்சிட்டு வாங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்று உட்கார்ந்துகொள்கிறோம். முதல் வாரம் யாரும் நம்பவில்லை, முன்பின் தெரியாத ஆளிடம் எப்படி விட்டுவிட்டுப் போவார்கள்? மூன்றாவது வாரம்தான் ஒரு அம்மா நம்பிப் போனார். அங்கே நாங்கள் வாயைத் திறந்து ஜெபிப்பதில்லை. பேரை மட்டும் மனசில் வாங்கிக்கொண்டு வந்து புதன்கிழமை சொல்கிறோம். அதுவும் ஊர், வியாதி எதுவும் இல்லாமல் பேர் மட்டும். பெரியவர் ஒவ்வொரு பேரையும் இரண்டு தடவை கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறார்.

நோட்டு என்றதும் இன்னொன்று. தாலுகா ஆபீஸ் ஐயா சொன்னதை வைத்து, விண்ணப்ப நோட்டில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டோம், "நாம் செய்யக்கூடியது" என்று. ரத்தம் வேண்டும் என்றால் யார் கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம், ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டுமல்லவா. ஃபீஸ், சான்றிதழ், துணைக்கு ஆள், இதற்கெல்லாம் அந்தக் கட்டம் அருமையாக வேலை செய்தது. ஆனால் ஒரு சகோதரி தன் மகன் குடிப்பதற்காக நாலு வருஷமாக வாராவாரம் விண்ணப்பம் சொல்லிக்கொண்டிருந்தவர், திடீரென்று சொல்வதை நிறுத்திவிட்டார். ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஆர்வக்கோளாறில் நேரே அவர் வீட்டுக்குப் போய், பையனுக்கு மறுவாழ்வு மைய விலாசம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். பையன் மூன்று நாள் வீட்டுக்கே வரவில்லை. அந்தச் சகோதரி என்னிடம், "நான் உங்ககிட்ட ஜெபம்தானே அக்கா கேட்டேன்" என்றார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இப்போது அந்தக் கட்டத்தை, சொல்கிறவரே நிரப்பச் சொன்னால் மட்டும் நிரப்புகிறோம். நிறைய வரிசைகளில் அது காலியாகத்தான் கிடக்கிறது. அவர் இன்னும் விண்ணப்பம் சொல்ல ஆரம்பிக்கவில்லை.

இன்னொரு கூத்தும் நடந்தது. அடுப்படி ஜெபத்தில் எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம் சொல்லலாம் என்றார்கள். நாங்கள் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பிக்க, ஆர்.சி. வீட்டார் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று போக, பெந்தெகொஸ்தே அக்கா ஏற்கெனவே ஆவியில் நிரம்பி அந்நிய பாஷையில் ஜெபித்துக்கொண்டிருக்க, ஒரே இரைச்சல். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "என்னக்கா சண்டையா?" என்று கேட்டார். இப்போது ஒரு வாரம் அவர்கள் வாசகம், ஒரு வாரம் எங்கள் வாசகம்.

#21 பசுமலை ஓய்வு

இதற்குப் போய் ஏன் கவலைப்படுகிறீர்கள். தென்னிந்தியத் திருச்சபை ஒன்றாகச் சேரும் பேச்சு 1919-இல் தரங்கம்பாடியில் ஆரம்பித்து, 1947 செப்டம்பர் 27 அன்றுதான் கைகூடியது. 28 வருஷம். நீங்கள் இப்போதுதான் பதினொன்றில் இருக்கிறீர்கள்.

பெரியவர் அடுப்படிக்கு இறங்கி வந்ததைப் படித்தேன். நான் #4-இல் எழுதியதில் வெங்காயம் பற்றிச் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மற்றதை இல்லை.

#22 மேலூர்ப் பொண்ணு

அக்கா, அந்தப் பையன் விஷயத்தில் மறுபடி யாரையும் அனுப்பிவிடாதீர்கள். அவங்க அம்மாவைச் சமையலுக்குக் கூப்பிடுங்கள், அது போதும். அப்புறம், நான் ஒருநாள் சனிக்கிழமை வந்து துணைக்கு உட்காரலாமா? ஜெபத்துக்கு வரமாட்டேன், நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவேன். எந்த வார்டில் எப்போது கூப்பிடுவார்கள் என்று எனக்கு இன்னும் மனப்பாடமாகத் தெரியும்.

#23 ஆனையூர் அக்கா

கண்டிப்பாக வாம்மா. சாயங்காலம் 5.30-க்கு ஆஸ்பத்திரி வாசல், மஞ்சள் மூடி போட்ட தூக்குவாளி வைத்திருப்போம், அதுதான் அடையாளம். ஃபிளாஸ்க் இருந்தால் ஒன்று எடுத்துக்கொண்டு வா, எங்களிடம் இருக்கிறதில் இரண்டுக்கு மூடி சரியாக இல்லை.